வாங்குக்கும் பாய்க்கும் நடுவில்

கிளர்ச்சி செய்கிறவனுக்குத் தொண்டை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வேண்டியது, ஒருவரும் தன்னைக் கவனிக்கவில்லை என்பதைத் தாங்கும் நெஞ்சு. மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து ஏச்சு வாங்கிய சகோதரர்களே, உங்களுக்கு இது தெரியும்.

முதலில் அநீதிகளை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் வழக்கு நிற்காது. முதலாவது, ஞாயிற்றுப் பள்ளியில் நூறு வேதவசனம் ஒப்புவித்த எனக்கு வரவேண்டிய பரிசு, தொண்ணூறு ஒப்புவித்த, சபை மூப்பரின் மருமகனுக்குப் போனது. இரண்டாவது, மதுவிலக்குச் சங்கத்துக்கு நான் தலைவனாக வேண்டிய வருடத்தில், கள்ளை விட்டு மூன்று கிழமையேயான ஒருவரை, அவர்தான் அனுபவசாலி என்று சொல்லித் தெரிவு செய்தார்கள். மூன்றாவது, மூப்பர் ஐசாக்கைச் 'சால்வை போர்த்த நெல்மூட்டை' என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதியதற்காக என்னைச் சபை அங்கத்துவத்திலிருந்து ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். மூட்டைக்குள் நெல்லாவது இருக்கும் என்று திருத்தியும் எழுதினேன். அதையும் அவர்கள் ஏற்கவில்லை.

நாலாவது எனக்கு நடந்ததல்ல. எங்கள் தேவாலயத்தில் பெரிய குடிகள் முன்னால் மர வாங்கில், கால் தொங்கப்போட்டு இருப்பார்கள். மற்றவர்கள் பின்னால் பாயில். ஆலயம் கூட்டும் ரூத்துவும் (சபைப் புத்தகத்தில் சின்னப்பிள்ளை ரூத்து) பாயில்தான். அவளுக்கு முழங்கால் வாதம். நிலத்தில் இருந்தால் இலேசில் எழும்ப முடியாது. அதனாலேயே இராப்போசனத்தில் அப்பமும் ரசமும் வாங்க முன்னே போவதை விட்டுவிட்டாள். ஒரு வாங்கின் மூலை கிடைத்தால் போவாள். அந்த மூலையைக் கேட்டுத்தான் நான் புறப்பட்டேன். கூடவே 'கிறிஸ்தவ வீரன் யார்?' என்று ஒரு துண்டுப்பிரசுரமும் அடித்தேன். விடையை வாசிப்பவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று, மேலே என் படத்தைப் போட்டிருந்தேன்.

சந்தியில் இரத்தசாட்சி

சத்தியத்துக்காகக் கல்லெறி படுகிறவனே வீரன் என்பது அப்போது என் கொள்கை. அதற்குத் தோதான இடமென்று மருதனார்மடச் சந்தியைத் தெரிந்தெடுத்து, சந்தை கூடிய நேரத்தில் ஒரு மாட்டுவண்டியின் மேல் ஏறி நின்று பேசினேன். அரை மணித்தியாலம் போயிற்று. ஒருவரும் எறியவில்லை. ஊர்ப் பெரியவர்களைப் பெயர் சொல்லித் தாக்கினேன். அப்போதும் ஒருவர் புகையிலை விலை கேட்டார்.

கடைசியில் ஒரு கத்தரிக்காய் வந்து காதில் விழுந்தது. கல் இல்லாவிட்டாலும் ஆரம்பத்துக்கு அது போதும். கண்ணை மூடிக்கொண்டு, எறிந்த கையை நான் மன்னிக்கிறேன் என்று உரத்துச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது மரக்கறிக்காரி ஒருத்தி இன்னொரு கத்தரிக்காயோடு முன்னால் நின்றாள். "மன்னிக்கிறது கிடக்கட்டும் அண்ணை, ஒருக்காத் தள்ளி நில்லுங்கோ. உங்களுக்குப் பின்னாலை நிக்கிற மாடு என்ரை கீரையைத் தின்னுது."

படலையில் உண்ணாவிரதம்

பிறகு, பட்டினி கிடக்கிறவனே வீரன் என்று கொள்கையை மாற்றிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை காலை தேவாலய வாசற் படலையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். மறுநாள் ஆராதனைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்கள். குடைகளையும் சைக்கிள்களையும் என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். மூப்பர் ஐசாக்கு தன் கைத்தடியையும் தந்தார்.

மத்தியானம் ரூத்து ஒரு பனையோலைப் பிளாவில் கூழ் கொண்டுவந்தாள். வேண்டாம், விரதம் என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். தன் கையால் தந்தபடியால்தான் நான் மறுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். உடனே வாங்கிக் குடித்தேன். இரண்டாவது பிளாவும் குடித்தேன். அதற்குக் காரணம் கொள்கையல்ல. வெறும் பிளாவை எடுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இனி வீட்டை போங்கோ சின்னையா. நீங்கள் பட்டினி கிடந்தா என்ரை முழங்கால் மடங்குமே?"

இரண்டாம் இடத்துக்கு நெருக்கடி

அதன்பின் ஒரு விண்ணப்பம் எழுதினேன். நிலத்தில் இருப்பவர்களுக்கும் வாங்கு வேண்டும் என்று நாலே வரி. சபைச் சட்டப்படி முதற் கையெழுத்து வாங்கில் இருக்கும் அங்கத்தவருடையதாக இருக்கவேண்டும். அந்த முதல் ஆள் இல்லாவிட்டால் வருடக்கூட்டத்தில் அதை வாசிக்கவே மாட்டார்கள். நானோ நிறுத்தி வைக்கப்பட்டவன். ஆகவே வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

எல்லோருக்கும் விண்ணப்பம் பிடித்துக்கொண்டது. ஒருவர் கண்கலங்கவும் செய்தார். ஆனால் ஒவ்வொருவரும் முதல் வரியை விட்டுவிட்டு அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்கள். இரண்டாம் இடத்துக்கு மச்சான்மார் இருவர் சண்டையே பிடித்தார்கள். இப்படியே பதினெட்டாம் வரி வரை நிரம்பியது; முதல் வரி மட்டும் துடைத்து வைத்த பீங்கான் மாதிரி வெறுமையாக இருந்தது. கடைசியாகப் போன வீட்டில் இருந்த இளைப்பாறிய வாத்தியார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இருதரம் வாசித்தார். பிறகு பத்தொன்பதாம் வரியில் கையெழுத்து வைத்து, என் முதுகில் தட்டினார். "நல்ல எழுத்துத் தம்பி. முதல் இடத்துக்கு ஒரு தைரியசாலியாப் பார்த்துப் பிடி. எங்கடை சபையிலை அப்பிடிப்பட்டவை கனபேர்."

மூப்பர் இறங்கினார்

வருடக்கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு. விண்ணப்பத்தில் சேரவேண்டாம் என்று ரூத்துவுக்குப் புத்தி சொல்ல மூப்பர் பாய்ப்பக்கம் வந்தார். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொன்னால் சபை முழுவதும் கேட்கும். குனிய அவர் உடம்பு இடங்கொடாது. ஆகவே சால்வையை ஒதுக்கிக்கொண்டு பாயில் இருந்துவிட்டார். சொல்லவேண்டியதைச் சொன்னார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. அந்த நேரம் ஆர்மோனியம் தொடங்கிவிட்டது.

பாட்டுக்குச் சபை முழுவதும் எழுந்து நின்றது, மூப்பரையும் ரூத்துவையும் தவிர. பிறகு போதகர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, தாழ்மைக்கு இதோ கண்கண்ட உதாரணம் என்று அவரைக் காட்டினார். நான் சிரித்தேன். முதலில் சிரித்தவன் நான்தான், மறைக்கமாட்டேன். ஆராதனை முடிந்ததும் தூக்கிவிட வந்த இருவரை அவர் வெட்கத்தில் ஏசித் துரத்தினார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, ரூத்து எழும்பத் தொடங்கினாள். முதலில் ஒருபக்கம் சரிந்தாள். கையை ஊன்றினாள். யன்னல் கம்பியைப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரத்தில் நிமிர்ந்தாள். பிறகு அவருக்குக் கையை நீட்டினாள். அந்தக் கையால் அவர் அதுவரை ஒரு செம்பு தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கையைப் பார்த்தார். பிடித்தார். எழுந்து நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் எழும்புகிறாயோ என்று கேட்டார். "ஓம் ஐயா," என்றாள் ரூத்து. "இண்டைக்கு ஐயாவும் சேர்ந்தபடியால் கொஞ்சம் பாரம்."

முதல் வரி

வருடக்கூட்டத்துக்கு மூப்பர்தான் தலைவர். உள்ளே போக எனக்கு உத்தரவில்லை. யன்னலுக்கு வெளியே நின்றேன். விண்ணப்பத்தை எடுத்தார். முதல் வரி ஆருக்கு என்று கேட்டார். கையெழுத்து வைத்த பதினெட்டுப் பேரும் முகட்டு வளையைப் பார்த்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி நான்தான் யன்னலால் ஏறிக் குதிக்கவேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

மூப்பர் பேனையை எடுத்தார். குறுக்கே கோடு கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் முதல் வரியில் ஏதோ எழுதி, வாசிக்கும்படி காரியதரிசியிடம் கொடுத்தார். வாசிக்க வாய் திறந்த காரியதரிசி பெயரைப் பார்த்தார். மெல்லக் குனிந்து, இந்த ஆள் வாங்கில் இருக்கிற அங்கத்தவர் இல்லையே, சட்டம் இடங்கொடாதே என்றார். அதற்கு மூப்பர், கதவடியில் கூட்டுகிற தும்புத்தடியோடு காத்து நின்றவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அப்ப அவவை வாங்கிலை இருத்திப்போட்டு வாசி."

முன் வாங்கில் நாலு பேர் நெருங்கி இடம்விட்டார்கள். பதினைந்து வருடம் தொண்டை கிழிய வீரனைத் தேடியதில் நான் கண்டது இவ்வளவுதான்: சபை முழுவதும் சாட்சியாக நிற்க, முதலாம் அங்கத்தவர் என்று உரத்து வாசிக்கப்பட்ட பெயர் என்னுடையதுமல்ல, மூப்பருடையதுமல்ல, வாங்கின் மூலையில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை ரூத்துவுடையது.