சாணை பிடித்த டச்சுக் கத்தி

அந்தக் குத்துவாள் வலையில் வந்தது என்று என் வீட்டுக்காரர் சொன்னபோதே நான் நம்பவில்லை. எங்கள் ஏரியில் நாள்பட்டுக் கிடந்தது எதுவும், அறுந்த செருப்பானாலும், சிப்பி ஒட்டாமல் மேலே வராது. இதில் மருந்துக்கும் ஒரு சிப்பி இல்லை. பிடி இற்றுப்போன இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் காரை அப்பியிருந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சிரித்தே மழுப்புகிற மனிதர். எனக்கும் ஒரு நல்ல கத்தி தேவையாக இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

அவரே பனங்கட்டையில் புதுப் பிடி போட்டுக் கொடுத்தார். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மீன் வெட்டி விற்கிறவள் நான். மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வரும் சாணைக்காரனிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் பளபளவென்று தீட்டி வாங்கினேன்.

அதற்கு நான்காம் நாள் போலீஸ் வந்தது. டச்சுக்காரர் கல்லறை ஒன்றை யாரோ பெயர்த்துத் தோண்டி, உள்ளே இருந்ததை எடுத்திருக்கிறார்களாம். எங்கள் கோட்டைக்குப்பத்திலேயே எவனோ எங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டான், அவன் வாயில் மண் விழ. அவரையும் கத்தியையும் கொண்டுபோனார்கள்.

மறுநாள், பழைய பட்டாளத்துக் கத்திகளை அசலா போலியா என்று பார்த்துச் சொல்கிற நிபுணர் ஒருவர் சென்னையிலிருந்து ஸ்டேஷனுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சார் பழசுன்னு எழுதிக் குடுத்தா உன் வூட்டுக்காரன் உள்ளதான்மா," என்றார் ஏட்டு.

சுண்ணாம்பைக் கழுவியவள் நான்தானே, நானும் கூட்டுக் களவாணிதானே. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிரவே இல்லை.

நிபுணர் பூதக்கண்ணாடியை வைத்து அலகை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "அந்தக் காலத்துக் கத்தின்னா சுத்தியால அடிச்சுப் பண்ணது. அடிச்ச தடம் தெரியணும், துரு குழிகுழியா அரிச்சிருக்கணும்," என்று ஏட்டிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுக்கு சாணை புடிச்சீங்களாம்மா?"

"மீனு வெட்றதுக்கு சார். துரு புடிச்ச கத்தியில வெட்டுனா எவ சார் வாங்குவா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லையம்மனுக்கு அந்த நேரத்தில் நான் நேர்ந்துகொள்ளாதது ஒன்றும் இல்லை.

"பிடி புதுசு. அலகு முழுக்க சாணைக் கோடு. இதை வெச்சுப் பழசுன்னு என்னால எழுத முடியாது," என்று கத்தியை மேசையில் வைத்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரை விட்டார்கள். வழி நெடுக நான் திட்டிக்கொண்டே வந்தேன். "வலையில வந்துச்சாம் வலையில! இன்னா வலைய்யா அது, சுண்ணாம்பு புடிக்கிற வலையா?" எதற்கும் சிரிக்கிற மனிதர் அன்று சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தினார். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு கோணித் துண்டை எடுத்துப் பிரித்தார். அதே மாதிரி இன்னொன்று. இதில் பிடி கெடவில்லை. பித்தளையில் என்னவோ அந்நிய எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. அதை என் முன்னால் நீட்டினார்.

"சாணைக்காரன் திரும்ப எப்ப வருவாம்மே?"

அவன் வந்துபோய் ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.