மடங்க மறுத்த முழங்கை

பக்கத்து வீட்டில் மேல்கூரைக்கு வெள்ளை பிளாஸ்டர் மாவு குழைத்துப் பூ வேலை செய்கிறார்கள். ஈர மாவு வாசனை ஜன்னல் வழியே வந்ததும் என் வலது முழங்கை தானாக ஒருமுறை மடங்கிப் பார்த்துக்கொண்டது. மறக்குமா பின்னே? அதே வாசனையோடு அது பல வாரம் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் டப்பா அடுக்கும் வேலை எனக்கு. மழையில் வேன் படி வழுக்கி முழங்கை தரையில் குத்த விழுந்தேன். "எலும்பு விலகல, விரிசல்தான். விலகியிருந்தா ஆபரேஷன் பண்ணி கம்பி வெச்சுக் கட்டணும்" என்று மாவுக்கட்டுப் போட்டார் டாக்டர். எக்ஸ்ரே படத்தை வீட்டில் யாரும் இல்லாத நேரம் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு, நடுவில் கதவுக் கீல் போல ஒன்று. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா நான் மாவாட்டினேன் என்று ஆச்சரியமாக இருந்தது.

கட்டைப் பிரித்தால் கை மெலிந்து தோல் உரிந்து கிடந்தது. மடங்கவில்லை. என் வீட்டுக்காரரின் தங்கை சரோஜா எண்ணெயோடு வந்துவிட்டாள். "இன்னா அண்ணி, கட்டையாட்டம் கீது? காட்டு, நான் சரி பண்றேன்." தேய்த்து அவள் இழுத்த இழுப்பில் முழங்கை பூரி மாதிரி உப்பியது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண், "யாரும்மா தேய்ச்சது?" என்றாள். உப்பிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"முழங்கை ரோஷக்காரிம்மா. அடுத்தவங்க இழுத்தா இன்னும் இறுகிக்கும். நீங்களாத்தான் கொஞ்சம் கொஞ்சமா மடக்கணும்."

எனக்குள்ளேயும் ஒரு ரோஷக்காரி இருக்கிறாளா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வேலைக்குப் போனேன், இடது கையால் லேபிள் ஒட்டக் கொடுத்தார்கள். சங்கடமெல்லாம் மதியச் சாப்பாட்டில்தான். சோற்றுக்கை வாய்க்குப் போகாது. இடது கையால் நாலு பேர் எதிரில் உண்ணக் கூச்சம். "பசிக்கல" என்று டப்பாவைத் திறக்காமலே சில நாள் ஓட்டினேன். பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். கை வராவிட்டால் என்ன, தலை போகட்டுமே!

எதிரில் உட்காரும் பழவேற்காட்டு நூர்ஜஹான் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, கோழி தண்ணி குடிக்கிற மாதிரி குனியுற? தல அங்கியே இருக்கட்டும். கைதான் வரணும்." சொன்னதோடு விடவில்லை, என் முகவாயில் கை கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். வரிசையே சிரித்தது. வெட்கத்தில் எனக்கு உயிரே போயிற்று. அவளுக்கென்ன, மறுநாளும் பிடித்தாள். அதற்கு மறுநாளும்.

வாரங்கள் கழித்து, அவள் கொண்டுவந்த இறால் தொக்கு பிசைந்த சோறு உதட்டில் பட்டது.

"பட்டுடுச்சுக்கா!" என்று நூர்ஜஹான் கத்தினாள். அத்தனை பேரும் திரும்பினார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் கவளத்தை விழுங்கினேன்.

முழுசாக நீட்ட இன்றும் வராது. மடக்க வருகிறது, அது போதும்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. நூர்ஜஹான் மகளோடு எந்த ஊருக்குப் போனாளோ. கும்மிடிப்பூண்டியிலேயே வேறொரு கம்பெனியில் வேலை செய்யும் என் மருமகள் சொல்கிறாள்: "எல்லாருக்கும் ஸ்பூன் குடுத்துடறாங்க அத்தை. அவங்கவங்க போனைப் பாத்துக்கினு துன்னுவாங்க. எந்தக் கையில துன்றோம்னு யாரு பாக்கறா?"

கை ஒடிந்தவர்களுக்கு அது சௌகரியம்தான். என்னையும் அப்படி யாரும் பார்க்காமல் விட்டிருந்தால், இந்தக் கை மடங்கியிருக்குமா?