அம்மா ஏறிய சாட்சிக் கூண்டு

எங்கள் தாயார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர், அம்மாவைத் தறி ஓட்டியவராகவும் சினிமாப் பிரியராகவும் அறிவீர்கள். அவர் ஒருமுறை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதைச் சிலரே அறிவீர்கள். அதனால் அதை எழுதுகிறேன்.

அம்மா சிங்காநல்லூருக்குக் கிழக்கே பண்ணைக் கூலிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமாகிக் கருமத்தம்பட்டிக்கு வந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காலமானார். விசைத்தறி ஓட்டியே அம்மா என்னைப் படிக்கவைத்தார்.

தொலைக்காட்சியில் கோர்ட் காட்சி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். வக்கீல் கர்ஜிப்பார், நீதிபதி சுத்தியலால் தட்டுவார், கடைசி நிமிடத்தில் ஒரு சாட்சி ஓடிவருவார், உண்மை வெல்லும். நான் நூலகத்திலிருந்து கொண்டுவரும் நாவல்களிலும் அந்த அத்தியாயங்களையே வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

அம்மாவுக்குப் பக்கத்துத் தறியில் செல்வம் என்ற இளைஞர் வேலை பார்த்தார். ஒருநாள் முற்பகலில் தறி முதலாளியின் வீட்டு பீரோவிலிருந்து நகை காணாமல் போனது. அதற்கு முந்தின நாள் அங்கே சாமான் இறக்கப் போனவர் என்பதற்காகச் செல்வத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அந்த முற்பகலில் அவர் தறியில் நின்றதை அம்மா பார்த்திருந்தார்; அதைக் கோர்ட்டில் வந்து சொல்வதாகச் சொன்னார்.

"சாட்சிக்குப் போறதுன்னா நாளையிலிருந்து தறிக்கு வர வேண்டாங்க" என்றார் முதலாளி.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் வேறு தறிப்பட்டறையில் சேர்ந்தார்.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. சம்மன் வந்தபோதெல்லாம் அம்மா கோவைக்குப் பஸ் ஏறிப் போய், நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்று, வாய்தா என்று தெரிந்ததும் திரும்பி வந்தார். "சினிமாவுல இந்த வாய்தாவைக் காட்டவே மாட்டேங்கறாங்களே கண்ணு" என்பார்.

கடைசியில் அவர் முறை வருவதற்கு முந்தின நாள், செல்வத்தின் தாயார் ரோசலின் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். நகை போன அன்று நடுவில் அம்மா பத்து நிமிடம் டீ குடிக்க வெளியே போயிருந்தது அவருக்குத் தெரியும்.

"ஏனுங்கக்கா, அந்தப் பத்து நிமிசத்தை மட்டும் சொல்லாம உட்டுப்போடுங்க. எம் பையன் வாழ்க்கைங்க" என்று அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

மறுநாள் நானும் உடன் போனேன். மேஜையில் சுத்தியல் இல்லை. யாரும் கத்தவில்லை. அம்மா ஆவேசமாக ஆரம்பித்ததும், "மெதுவா சொல்லுங்கம்மா, டைப் அடிக்கணும்" என்றார் நீதிபதி. அம்மா திணறினார். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

அரசு வக்கீல் எழுந்து, "நடுவில் எங்கேயாவது போனீர்களா?" என்று கேட்டார்.

அம்மா அதே போல மெதுவாகச் சொன்னார்: "பத்து நிமிசம் டீ குடிக்கப் போனனுங்க. அப்ப அவன் என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாதுங்க. போறப்பவும் தறியில நின்னான், வாறப்பவும் நின்னான். அதைப் பாத்தனுங்க."

பின்வரிசையில் ரோசலின் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று அவர் எங்களோடு பஸ்ஸில் வரவில்லை. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் பண்ணுனது தப்பா அம்மணி?" என்று என்னைக் கேட்டார்.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. செல்வம் விடுதலையானார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட சாட்சி, தான் பார்த்ததாகச் சொல்வதை நம்பலாம் என்றும், பத்து நிமிடத்தில் முதலாளியின் வீடு வரை போய்த் திரும்ப முடியாது என்றும் நீதிபதி எழுதியிருந்தார். தீர்ப்பு நகலை நான் வாசித்துக் காட்டியபோது, அம்மா அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். அன்று மாலையே ரோசலின் அத்தை வந்தார். அம்மா இருவருக்கும் டீ போட்டார்.

கடைசி ஆறு மாதம் நுரையீரல் நோயால் அம்மா படுக்கையில் இருந்தார். அப்போது மருந்தும் கஞ்சியும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மலரில் என்ன எழுதலாம் என்று ரோசலின் அத்தையிடம் கேட்டேன். "நல்லவங்கன்னு எல்லாத்துக்குந்தான் எழுதுவாங்க கண்ணு. எம் பையனுக்காகக்கூட உங்கம்மா பொய் சொல்லலைன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.