இரண்டாவது மைசூர்பாகு

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பி.எட். சேர்ந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. பெரம்பலூர் கல்லூரியில் அவருக்கு உளவியல் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் படித்ததையெல்லாம் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து என் தலையில் போட்டுப் பார்ப்பார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நில்லாத பெண். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஊரே சொல்லும். மாமாவுக்கு அது போதாது, காரணம் வேண்டும்.

ஒரு வாரம், என் மூளையின் முன்பக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றார். அப்பாவின் மொபெட்டைக் கொண்டுவந்து நிறுத்தி விளக்கவும் செய்தார். அடுத்த வாரம் பிரேக் கதையை அவரே ரத்து செய்தார். இன்ஜின் அரைத்தூக்கத்தில் இருக்கிறதாம், அணைந்துவிடாமல் இருக்கத்தான் நான் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே திரிகிறேனாம். அதற்கடுத்த வாரம் வண்டியையே விட்டுவிட்டார். காத்திருப்பதுதான் என் மூளைக்கு ஆகாது என்றார்.

“ஒரு பேச்சு பேசுங்க மாமா!” என்று கத்தினேன்.

“மூணுமே உண்மையா இருக்கலாம் பாப்பா” என்றார். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு நடுவில்தான் வெங்காய விவகாரம். பாத்தி நிறைந்ததும் மடையைத் திருப்பு என்று அப்பா என்னை வயலில் நிறுத்திவிட்டுப் போனார். நான் ஒரு தட்டானின் பின்னால் போய்விட்டேன். தண்ணீர் வரப்பு தாண்டி, பக்கத்து வயல்காரர் பறித்துக் குவித்திருந்த சின்ன வெங்காயத்துக்குள் புகுந்தது. நனைந்த வெங்காயம் எதற்கு ஆகும்? அவர் எங்கள் வாசலில் நின்று கத்தியதையெல்லாம் அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அன்றே முடிவாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்ததும் எனக்குத் திருச்சியில் ஹாஸ்டல்.

“மணியடிச்சா எந்திரி, மணியடிச்சா உக்காருன்னு இருந்தாத்தான் இது உருப்படும்” என்றார் அப்பா. அம்மாவை விட்டுவிட்டு எப்படி இருப்பேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமா ஒரு சோதனையோடு வந்தார். தட்டில் ஒரு மைசூர்பாகை வைத்தார். “நான் திரும்பி வர்ற வரைக்கும் இதைத் தொடக் கூடாது. தொடாம இருந்தா இன்னொண்ணு தருவேன். இந்தப் புள்ளையால காத்திருக்க முடியும், ஹாஸ்டல் வேணாம்னு உங்கப்பாகிட்டயும் சொல்றேன்.” அந்த இன்னொன்று அவரிடம் இல்லை. அதை வாங்கக் குன்னம் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போகவில்லை. எறும்பு வந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை ஏற்றி வைத்தேன். மத்தியானம் போய் வெயில் சாய்ந்தது. குன்னம் என்ன கண்காணாத தேசமா? அழுதுகொண்டே காவல் காத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாமா வந்தார். கையில் ஒரு கல். வழியில் நண்பன் ஒருவனைப் பார்த்தாராம், அவனோடு அரியலூர்ப் பக்கம் ஏதோ ஓடைக்குப் போய்விட்டாராம்.

“பாரு பாப்பா, நத்தை அப்படியே கல்லா ஆயிருக்கு! இங்கெல்லாம் ஒரு காலத்துல கடல் இருந்துச்சு!”

“மைசூர்பாகு எங்க?”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். “அடச்சே, மறந்தே போயிட்டேன்.”

நாளெல்லாம் காத்த மைசூர்பாகை எடுத்து அவர் மூஞ்சியில் வீசினேன். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா உள்ளே வர வேண்டுமா? “பாத்தியா இவ லட்சணத்த?” என்றார்.

மாமா சட்டையில் விழுந்த தூளைக்கூடத் தட்டவில்லை. “ஹாஸ்டல் மட்டும் வேணாம் மச்சான். நான் இருந்துட்டு வந்தவன்” என்றார்.

அப்பா அவரையே பார்த்தார். கையிலிருந்த கல்லையும் பார்த்தார். அதற்குப் பிறகு ஹாஸ்டல் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கோ ஆத்திரம் தீரவில்லை. செய்த தப்பை மறைக்கத்தான் மாமா பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். அந்த பி.எட்.டையாவது முடித்தாரா என்றால், அதுவும் இல்லை.

சென்ற மாதம், என்னைப் போலவே ஓரிடத்தில் நில்லாத என் மகனைத் திருச்சியில் டாக்டரிடம் காட்டினேன். அம்மாவும் கூட வந்திருந்தாள். டாக்டர் மூளைப் படத்தைக் காட்டினார். பிரேக் போடும் இடம் சில பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் முதிரும் என்றார். மூளை முழு விழிப்பில் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம், காத்திருக்க முடியாததும் ஒரு காரணமாக இருக்கலாம், ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது என்றார். இதைக் கேட்கவா திருச்சி வரை வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது. பிறகு அவர், குடும்பத்தில் வேறு யாராவது இப்படி உண்டா என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

“என் தம்பிதாங்க சார். சின்ன வயசுலயே ஹாஸ்டல்ல சேத்துட்டாங்க. ஓடி ஓடி வந்துருவான். அடிச்சுத் திரும்பக் கொண்டுபோயி விடுவாங்க. நான் ஏங்க்கா இப்படி இருக்கேன், நான் ஏங்க்கா இப்படி இருக்கேன்னு என்னையே கேட்டுக்கிட்டு இருப்பான். எனக்கு என்னங்க தெரியும்?”

வாரம் ஒரு காரணத்தோடு பஸ் ஏறி வந்த அந்த மனுஷன், என் தலையை முன்னால் வைத்துக்கொண்டு யாருக்காகப் பதில் தேடிக்கொண்டிருந்தார் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது மைசூர்பாகு வரவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.