வட்டம் போட்ட நேர்ச்சைக் கிடா

இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியதும் என் மனைவி ஒரு கிடாக்குட்டி வாங்கி அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் வெட்டிப் பொங்கல் வைக்க வேண்டும். அதுவரை கிடாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. “அதுக்கு ஒண்ணுன்னா புள்ளைக்கும் ஒண்ணுதான்” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அபசகுனமாகப் பேசாதே என்று கத்துவேன்.

ஒரகடத்தில் எங்கள் தெருவை ஒட்டிய கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இன்னும் கட்டடம் எழும்பாத காலி மனையில்தான் அது மேயும். அவளுக்கு ஏழாம் மாதம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், கிடா தலையைச் சாய்த்துக்கொண்டு இடப்பக்கமாகவே வட்டம் போடுகிறது. கூப்பிட்டேன், நிற்கவில்லை. கம்பெனிச் சங்கு ஊதியது, அதற்கும் நிற்கவில்லை. காலடியில் புல் தேய்ந்து மண் தெரிந்தது. இன்றும் அந்த மனையைக் கடக்கும்போது வேறு பக்கம்தான் பார்ப்பேன்.

“ஆத்தா எறங்கிட்டா மாப்ள!” என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குங்குமம் வைத்து விழுந்து கும்பிட்டார்கள். மனைவி முகத்தில் அத்தனை மாதமாகக் காணாத நிம்மதி. கிடாவை டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

“இன்னா மாப்ள, சாமிக்கே ஊசி போடப் போறீங்களா?” என்று மாமியார் பாய்ந்தார்.

கண் தெரியாமல் அது சுவரில் முட்டிக்கொள்ளத் தொடங்கியதும் யாரையும் கேட்காமல் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். கால்நடை டாக்டர் மண்டையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“மூளையில நீர்க்கட்டிப்பா. உள்ள இருக்கறது நாடாப்புழுவோட குஞ்சு. இந்த மாதிரி ஆட்டுத் தலைய வெளிய எறிஞ்சா நாய் தின்னும், நாய் வயித்துல அது புழுவாயிடும். அந்த நாய் கழிஞ்ச புல்ல மேஞ்சா முட்டை உள்ள போயி, குஞ்சு மூளைக்கு ஏறிடும். லேட்டாக் கொண்டாந்துட்ட.”

திரும்பும் வழியிலேயே செத்துவிட்டது. நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். அப்படியே புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி வாசலில் நின்றிருந்தாள். கிடா செத்துவிட்டது என்றேன். அவள் பயத்தை எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்று நாய், புல், முட்டை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

“சாமி குத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் புழு.”

“அப்ப ஆத்தா வரவே இல்லியா?”

“வரல.”

அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப இத்தினி நாளா இத யாருங்க பாத்துக்கினு இருந்தா?”