நான்காவது லைன் பாஞ்சாலி

என் தங்கை பாஞ்சாலி பள்ளிக்கூடம் போனதில்லை. அப்படியிருந்தும் குடிகாரப் புருஷனை விட்டு வந்து பொம்மனஹள்ளியில் தனியாக வீடு பிடித்தாள். மகளை பி.காம். படிக்க வைத்தாள். சட்டை தைக்கும் ஃபாக்டரியில் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, டைலராகி, சூப்பர்வைசரும் ஆனாள். ஐந்தாவது லைனுக்கு, அதாவது ஐந்தாவது மெஷின் வரிசைக்கு, என்று உறவில் சிலர் சொல்கிறார்கள். நான்காவது லைன்தான்.

டைலராக இருந்தபோது அவள் முகத்தில் சூப்பர்வைசர்கள் துணியை விட்டெறிந்திருக்கிறார்கள். அதனால் தன் லைனில் ஒருவரையும் திட்டுவதில்லை என்று வைத்திருந்தாள்.

புதிதாக வந்த லவினாவுக்குக் காலர் தைக்க வரவில்லை. முனை சுருங்கும், பண்டல் தேங்கும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சம்பளத்தில் தனியாகக் குடித்தனம் நடத்துகிறவள். சாப்பாட்டு நேரத்தில் பாஞ்சாலியே அவள் மெஷினில் உட்கார்ந்து மிச்சத்தைத் தைத்து முடிப்பாள்.

"நீ போய்ச் சாப்பிடு புள்ள. நாளைக்குச் சொல்லித் தரேன்."

மறுநாளும் டார்கெட் கழுத்தைப் பிடிக்கும். மறுபடி அவளே தைப்பாள்.

பிறகு பாஞ்சாலி டெங்குவில் படுத்தாள். அந்த வாரம் லவினாவிடமிருந்து காலர் வராமல் அடுத்த மெஷின்கள் சும்மா நின்றன. விஷயம் வெளியே வந்துவிட்டது.

திரும்பி வந்தவளை மேனேஜர் முகேஷ் எல்லோர் எதிரிலும் கேட்டார்: "என்னம்மா, லைன் நடத்துனியா, அன்னதானம் நடத்துனியா?"

எல்லோரும் சிரித்தார்கள். லவினா சிரிக்கவில்லை. "திட்டியாவது கத்துக் குடுத்திருக்கலாமேக்கா. இப்ப கை வரலைன்னு வீட்டுக்கு அனுப்பப் போறாங்க."

'பயிற்சி கொடுத்தும் தேறவில்லை' என்று டைப் அடித்த காகிதம் சூப்பர்வைசர் கையெழுத்துக்கு வந்தது. பாஞ்சாலி அதைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

"இது பொய் சார். நான் சொல்லிக் குடுக்கவே இல்ல. அப்படி எழுதுங்க. ஒரு மாசம் டைம் குடுங்க, அவளத் தேத்திடறேன்."

"அப்படி எழுதினா நீ சூப்பர்வைசரா இருக்க முடியாது."

"எழுதுங்க சார்."

எழுதினார்கள். அவளை மறுபடி தையல் மெஷினுக்கு அனுப்பினார்கள். லவினாவை அப்படியும் நிறுத்திவிட்டார்கள். ஃபோன் போட்டால் அவள் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாஞ்சாலி அவள் வீட்டுத் தெரு வரை போய், கதவைத் தட்டாமல் திரும்பி வருகிறாள்.

என் தங்கை அதுவரை எங்கேயும் கைநாட்டுதான். லைன் கணக்கைக்கூடப் பலகையில் எண்ணாகத்தான் எழுதுவாள். சூப்பர்வைசர் ஆனபின் நான் பழக்கிக் கொடுத்த பெயரை, நான்கு எழுத்தும் பிசகாமல், மாற்றி எழுதிய அந்தக் காகிதத்தில்தான் முதன்முதலாகப் போட்டாள். 2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை.