வாணி விழாவுக்கு வைத்த காமிக்ஸ்

அந்தக் காமிக்ஸ் புத்தகங்கள் மோசமானவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒரு இதழைக்கூடத் தவறவிடாமல் வாங்கியவன் நான்.

அவை ஒரு கணினி விளையாட்டை வைத்து வரையப்பட்டவை. மந்திரவாதிகள், நெருப்புக் கக்கும் நாகங்கள், சாபம் பிடித்த கோட்டைகள் என்று போகும் விளையாட்டு. அதில் நமக்கான ஆளை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். நான் உருவாக்கியது ஒரு வைத்தியக்காரியை. நரைத்த தலை, களைத்த முகம், கழுத்துவரை மூடிய கம்பளி அங்கி, கையில் ஒரு தடி. மெதுவாகத்தான் நடப்பாள். ஆனால் சண்டையில் யார் பிழைப்பது என்பது அவள் கையில்தான் இருந்தது. தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரத்துக்கு இரும்புத் துண்டு ஊட்டிவிட்டு, ஃபோர்மனிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற முப்பத்தாறு வயதுக்காரனுக்கு, அப்படி ஒருத்தியாகக் கொஞ்ச நேரம் இருப்பது பெரிய ஆறுதல். என் ஜெர்மன் மொழியில் பாதி அந்த விளையாட்டில் பழகியதுதான். கேடயம், சாபம், காவற்கோபுரம் எல்லாவற்றுக்கும் எனக்கு ஜெர்மன் தெரியும். வாடகை ஒப்பந்தத்தில் வருகிற சொற்கள்தான் தெரியாது.

காமிக்ஸிலும் ஒரு வைத்தியக்காரி வந்தாள். அவளுக்கு இருபது வயது. பனி கொட்டும் மலையில்கூட இரண்டு துண்டுத் துணியோடு நின்றாள். பொன்முடி வீரன் ஒருவன் அடிபட்டு விழுவான், இவள் ஓடிவந்து அழுவாள், அவ்வளவுதான் அவள் வேலை. வாசிக்க வாசிக்க எனக்கு ஆத்திரம் வரும். என் சொந்தத்தில் ஒருத்தியை யாரோ தெருவில் வைத்துப் பரிகசிக்கிறார்கள் என்கிற மாதிரி ஆத்திரம். அடுத்த இதழ் வந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

காரணம், மூலையில் இருக்கும் சின்னச் சின்னப் படங்கள். துறைமுகத்துப் பாலம், அதன் உடைந்த மூன்றாவது தூண், மீன் விற்கிறவளின் நீலக் கூடாரம் எல்லாம் விளையாட்டில் இருந்தபடியே இருக்கும். நான் நடந்த தெரு அச்சில் வந்திருக்கிறதே என்று மனம் குளிர்ந்துபோகும். பின்புறக் காட்சிகளை வரைந்தவர் நிச்சயமாக விளையாடியிருக்கிறார், கதை எழுதியவர் விளையாடவே இல்லை என்று எனக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

புகையிரத நிலையப் புத்தகக்கடையில்தான் வாங்குவேன். ஜெர்மனியில் நாங்கள் இருந்த வுப்பர்டாலில் எந்த நேரம் அங்கே போனாலும் நம்மவர் ஒருவர் நிற்பார். அதனால் செய்தித்தாளுக்குள் மடித்துத்தான் கொண்டுவருவேன். அவள் அரைகுறை உடுப்போடு நிற்கும் அந்த அட்டையை நினைத்துக் கூசியது பாதி. மீதிக்கு வேறு காரணம் இருந்தது. சனிக்கிழமைகளில் நான் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிற மாஸ்டர்.

அந்த வருடம் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று நான்தான் முழங்கினேன். “பிள்ளையளின்ரை அறையிலை கொம்பியூட்டரை வைக்காதேங்கோ. இந்த விளையாட்டுகள் மூளையைத் தின்றிடும்.” பின்வரிசையில் இருந்த ஒரு தகப்பன், சமையல்கூடத்தில் வேலை செய்கிறவர், தயங்கிக் கேட்டார்: “கொஞ்ச நேரம் விளையாடினா என்ன மாஸ்டர்?”

“கொஞ்ச நேரம் எண்டு ஒண்டு இல்லை அண்ணை,” என்றேன். அனுபவத்தில் சொன்னது. எல்லாரும் தலையாட்டினார்கள். நான் சொன்னால் கேட்பார்கள். அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே மதிப்பு அதுதான்.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பாடம் எழுதுகிறேன் என்று சொல்வது வழக்கம். மனைவி வாசலில் தேநீரை வைத்துவிட்டுப் போவாள். “அப்பா பாடம் எழுதுறார், சத்தம் போடாதை,” என்று எட்டு வயது மகளிடம் சொல்வது உள்ளே கேட்கும். மகள் கால்விரல்களில் நடப்பாள். அந்தக் காலடியைக் கேட்டுக்கொண்டே நாகத்தோடு சண்டை பிடித்தேன். வெட்கமாக இருக்கும். ஆனாலும் விட்டுவிட்டு எழும்ப மாட்டேன்.

நவராத்திரி வந்தது. தேவாலயத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வாணி விழா வைத்தோம். சனிக்கிழமை எல்லாரும் தங்கள் புத்தகங்களைத் துணியில் கட்டி சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். வைத்ததை இடையில் தொடக்கூடாது. மறுநாள் பூசை முடிந்ததும் அவரவர் கட்டை அவிழ்த்துச் சில வரிகள் வாசிக்கவேண்டும். பிள்ளைகள் சுலபமான பக்கமாகத் தேடுகிறார்கள் என்று, மேலே எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதைத்தான் வாசிக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். முதலில் வாசிக்கவேண்டியவர் ஆசிரியர், அதாவது நான். எனக்குச் சனிக்கிழமை காலை தொழிற்சாலையில் வேலை இருந்ததால், என் கட்டை மனைவியே கட்டி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை, மண்டபம் நிறைய ஆட்கள். அவல், கடலை, கற்பூர வாசம். பிள்ளைகள் என்னைச் சுற்றிச் சம்மணம் கட்டி இருந்தார்கள். நான் வெள்ளைத் துணியை அவிழ்த்தேன். தமிழ்ப் பாடப்புத்தகங்கள் இரண்டுக்கும் மேலே, அந்த மாதத்து இதழ்.

மற்றப் புத்தகங்களில் மூலையில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. இதிலோ அட்டை நடுவில், வைத்தியக்காரியின் உடம்பில் துணி போதாத இடமெல்லாம் சந்தனம் அப்பியிருந்தது. அவள் ஏறக்குறைய மஞ்சள் சட்டை போட்டவளாக இருந்தாள். யார் பூசியிருப்பார்கள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. காது இரண்டும் சுட்டன.

பள்ளிப் பொறுப்பாளராக இருந்த அக்காதான் முதலில் எட்டிப் பார்த்தார். “பிள்ளையளிட்டைப் பறிச்சதாக்கும்,” என்று எனக்காகவே ஒரு கதவைத் திறந்துவிட்டார். நான் தலையாட்டினேன். கூசாமல் ஆட்டினேன்.

“சேர், மேலை இருக்கிறதைத்தானே வாசிக்கவேணும்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். என் சட்டம். பகிடி பண்ணுகிற குரலில் ஒரு வரியை ஜெர்மனில் வாசித்து, தமிழிலும் சொன்னேன்: “என் வீரனே, உன் காயங்கள்தான் என் வீடு!”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்திருக்கவேண்டும். அத்தோடு தப்பியிருப்பேன். ஆனால் அவர்கள் சிரித்தது அவளைப் பார்த்து. எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்லை, விளையாட்டிலை அவ இப்பிடிக் கதைக்கமாட்டா,” என்றேன். “உடுப்பும் இப்பிடி இல்லை. கழுத்துவரைக்கும் கம்பளி அங்கி. அவ இல்லாட்டி அந்தப் படையே இல்லை. இவன் கதை எழுதினவன் விளையாடாமல் எழுதியிருக்கிறான். அந்தப் பாலத்தைப் பாருங்கோ, அது மட்டும் சரி, மூன்றாவது தூண்…”

தூணில் விரலை வைத்தபடி நிமிர்ந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு, ஆசையோடு பார்த்தார்கள்.

பின்னாலிருந்து அந்தச் சமையல்கூடத்துத் தகப்பனின் குரல் மரியாதையாகவே வந்தது. “கொஞ்ச நேரந்தானே மாஸ்டர்?”

பாடப்புத்தகத்தை எடுத்து ஏதோ வாசித்தேன். அதற்குப் பிறகும் அங்கே சில வருடம் படிப்பித்தேன். எதைப் படிக்கலாம், எதை விளையாடக்கூடாது என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் எங்கள் ஊர்த் தொங்கு ரயிலில் வீடு திரும்பினோம். மகள் கடைசி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு கீழே ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். என் மடியில் அந்தக் கட்டு சந்தனம் மணத்தது.

“நீர் பார்த்துத்தான் கட்டினனீரோ?” என்று மனைவியைக் கேட்டேன்.

“ஓம்.”

“பிறகேன் வைச்சனீர்?”

“நாங்கள் படிக்கிற புத்தகத்தைத்தானே வைக்கிறது. நீங்கள் படிச்சு நான் கண்டது அதைத்தான்.” அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “அண்டைக்குக் கூட்டத்திலை அவ்வளவு கதைச்சுப்போட்டு, வந்து கதவைச் சாத்தினீங்கள். அதுக்கு மேலை எனக்கு ஏலாது.”

எனக்கும் ஒரு குற்றம் சொல்லவேண்டியிருந்தது. “அதுக்காகச் சந்தனத்தை அப்பிடியே அப்புறதே? எல்லாற்றை கண்ணும் அதிலைதான்.”

“அது நான் இல்லை.” அவள் தாடையால் மகளைக் காட்டினாள். “நான் புத்தகங்களைக் கட்டேக்கை கண்டிட்டாள். இப்பிடியே வைச்சா அப்பாவுக்கு வெட்கமா இருக்கும் எண்டு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பூசினவள். நீங்கள் உள்ளை விளையாடுறது அவளுக்கு எப்பவோ தெரியும்.”

அப்படியென்றால், கதவுக்கு வெளியே மகள் கால்விரல்களில் நடந்தது நான் பாடம் எழுதுகிறேன் என்று நம்பி அல்ல.

எங்கள் நிலையம் வந்தது. மகள் ஓடிவந்து என் கையைத் தொட்டாள். “அப்பா, இறங்கவேணும்,” என்றாள். அவ்வளவு சத்தம் போடும் ரயிலிலும், என் அறைக் கதவுக்கு வெளியே பேசுகிற மெல்லிய குரலில்தான் சொன்னாள்.